லொறி ஏறியும் பூச்சியம்

போன வருடம் பெப்ரவரி, பெரும்போக வெட்டு உச்சத்தில் இருந்த கிழமை. காலை ஆறரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. சம்மாந்துறையில் நான் புரோகிராம் செய்து கொடுத்திருக்கிற அரிசி ஆலையின் கணினித் திரை. நடுவில் சின்னதாக ஒரு பெட்டி, ஜேஎன்ஐ எரர் வந்திருக்கிறது, இன்ஸ்டலேஷனைச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப முயலுங்கள் என்று ஆங்கிலத்தில். கீழே ஹாஜியாரின் குரல்: "தம்பி, வாசல்ல ஏழு லொறி நிக்கிது. பெட்டி தொறக்குதில்ல. கெதியா வாங்க."

முதல் நாள் பின்னேரம் நான்தான் புது ஜார் கோப்பை, அதாவது ஜாவாவில் எழுதிய புரோகிராமைக் கட்டிய பொதியை, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மாற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஈர நெல்லுக்குக் கழிக்கிற கணக்கில் ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியை எழுதியது புதிதாக வாங்கிய லப்டொப்பில், அதில் இருந்தது ஜாவா 21. ஆலையில் இருக்கிறதோ வின்டோஸ் 7, அதுவும் 32 பிட், 2 ஜிபி மெமரி, ஜாவா 8. போட்ட பிறகு ஒருமுறை திறந்தாவது பார்த்தேனா என்றால் இல்லை. மஃரிப் நேரம், தராசு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு வரிதானே என்று கிளம்பிவிட்டேன்.

கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தியில் திரும்பிப் போய்ச் சேர இருபது நிமிடம். அதற்குள் கணக்கப்பிள்ளை ஜாவாவை இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை போட்டு முடித்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, இன்ஸ்டலேஷனைப் பார் என்று திரையே சொல்கிறபோது அவர் வேறு என்ன செய்வார்? இந்தச் செய்தியின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. இன்ஸ்டலேஷனில் ஒரு பிழையும் இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையாக ஓட்டினால்தான் உண்மை வெளியே வருகிறது: இந்தக் கிளாஸ் கோப்பின் வேர்ஷன் 65.0, எனக்கு 52.0 வரைக்கும்தான் தெரியும்.

இந்த எண்கள் தெரியாதவர்களுக்கு: நான் எழுதுகிற சோர்ஸைக் கொம்பைலர் ஜாவா ஓட்டக்கூடியதாக மாற்றி எழுதுவதுதான் கிளாஸ் கோப்பு, ஜாருக்குள் இருப்பவை அவை. அதன் வேர்ஷன் எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவா வேர்ஷன். 52 என்றால் 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எந்தக் கிளாஸ் கோப்பையும் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள், முதல் நான்கு பைட் எப்போதும் "கஃபே பேப்" என்று ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய அதே எழுத்துகள்தான், ஏழாவது எட்டாவது பைட்டில் இந்த வேர்ஷன் எண் இருக்கும். ஜாவா 8 என்றால் அங்கே பதினாறடிமானத்தில் 34, ஜாவா 21 என்றால் 41. பழைய ஜாவா அந்த எண்ணைப் பார்த்த உடனேயே கையை விரித்துவிடும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தும் பார்க்காது. என் ஒரு வரி மாற்றம் பத்து வருடத்துக்கு முந்தின ஜாவாவிலும் ஓடக்கூடிய வரிதான். ஆனால் சீட்டில் குத்தின முத்திரை வேறு.

பழைய ஜார் கோப்பின் பிரதி கையில் இருந்ததால் அதைத் திருப்பிப் போட்டேன், லொறிகள் நகர்ந்தன. அன்றிரவு செய்த திருத்தம்தான் உண்மையான மடைத்தனம்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கிற விடை, புரோகிராமைக் கட்டித் தரும் மேவன் என்கிற கருவியின் போம் என்ற அமைப்புக் கோப்பில் சோர்ஸ் என்பதற்கும் டார்கெட் என்பதற்கும் 1.8 என்று போடு என்பது. போட்டேன். பில்ட் ஓடியது. மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது, பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பாத் குறிப்பிடப்படவில்லை என்று. மேவன் எதற்குத்தான் மஞ்சளாக ஏதாவது சொல்லாமல் விட்டிருக்கிறது, நான் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் ஆலைக்குப் போய், இந்த முறை பொறுப்பாக நின்று பார்த்தேன். திறந்தது. பாஸ்வேர்ட் எடுத்தது. விவசாயிகள் பட்டியல் வந்தது. தராசில் லொறி ஒன்றும் இல்லாததால் எடையைக் கையால் அடித்து ஒரு பில்லும் அச்சடித்துப் பார்த்தேன், டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டு அழகாகத் தந்தது. திருப்தியாக வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்க, போன்.

"தம்பி, லொறி ஏறி நிக்கிது, பெட்டில கிலோ பூச்சியம்."

இரும்புத் தராசுப் பலகையில் லொறி ஏறியதும் அதன் இன்டிகேட்டர் பெட்டி எடையை எழுத்துகளாகச் சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். என் புரோகிராமில் ஒரு தனித் திரெட் (மற்றவற்றோடு சமாந்தரமாக ஓடும் வேலை) அதை வாங்கி, பைட் பஃபர் என்கிற தற்காலிகத் தொட்டி ஒன்றில் சேர்த்து, பிளிப் என்கிற மெதட்டை, அதாவது பெயர் வைத்த சின்ன வேலைத் துண்டை, கூப்பிட்டுத் திருப்பி வைத்து, வாசித்து, திரையில் கிலோ காட்டும். அந்தத் திரெட் சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது. நான் அதைச் சுற்றிப் போட்டிருந்த பிழைப் பிடிப்பு எக்ஸெப்ஷன் என்ற வகைப் பிழையை மட்டும் பிடிக்கும், வந்ததோ எக்ஸெப்ஷன் இல்லை, எரர் வகை. அது என் வலைக்குள் படாமல் நழுவிப் போய்விட்டது. ஜார் கோப்பை இரண்டு கிளிக் பண்ணித் திறந்தால் கறுப்புத் திரை கிடையாது, அதனால் கடைசி மூச்சில் அது கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சம்மாந்துறை. லொறி தராசில் ஏறி நிற்க, ட்ரைவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்க, கறுப்புத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். அப்படியொரு மெதட் இல்லை என்றது: பைட் பஃபரில் பிளிப்.

இல்லையா? பிளிப் ஜாவா 1.4 காலத்திலிருந்து இருக்கிறதே.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜாவா 8 வரைக்கும் பிளிப் என்பது பஃபர் என்கிற தாய்க் கிளாஸில் இருந்தது, திருப்பித் தருவதும் பஃபர். ஜாவா 9இல் பைட் பஃபருக்கென்று தனியாக ஒரு பிளிப் எழுதி, அது பைட் பஃபரையே திருப்பித் தருகிற மாதிரி மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான், தொடர்ந்து மெதட்களைக் கோத்து எழுத வசதி. சோர்ஸில் பார்த்தால் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் கொம்பைலர் கிளாஸ் கோப்பில் எழுதும்போது மெதட்டின் பெயரை மட்டும் எழுதுவதில்லை, என்னென்ன வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறது. ஓடுகிற நேரத்தில் ஜேவிஎம், அதாவது புரோகிராமை ஓட்டும் ஜாவா, அந்த முழு விலாசத்தையும் வைத்துத்தான் தேடும். கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்குப் போனால் பெயர் சரி, ஊர் சரி, பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரில் ஒரு எழுத்து வேறு, ஆகவே இந்த ஆள் நீங்கள் இல்லை என்று திருப்பி அனுப்புவார்களே, அதே கதை. என் லப்டொப்பிலிருந்த 21இன் லைப்ரரியைப் பார்த்துக் கொம்பைல் ஆனதால் புது விலாசம் பதிவானது, ஆலையில் இருக்கிற 8இடம் அந்த விலாசத்தில் ஆள் இல்லை.

அதாவது சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று போட்டால் நடப்பது இவ்வளவுதான்: 8இன் இலக்கணத்தை மட்டும் ஏற்றுக்கொள், முத்திரையை 52 என்று குத்து. எந்த ஜாவாவின் கிளாஸ்களைப் பார்த்து எழுத வேண்டும் என்று அது ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மஞ்சள் எச்சரிக்கை சொல்ல வந்தது இதைத்தான், நான்தான் செவி கொடுக்கவில்லை. முத்திரை சரியாக இருக்கிறதால் பழைய ஜாவா நம்பி உள்ளே விட்டுவிடுகிறது, பிறகு லொறி ஏறும்போது விழுகிறது. முந்தின நாள் வந்த 65.0 எரர் இதைவிட நூறு மடங்கு நல்லது. அது குறைந்தபட்சம் வாசலிலேயே விழுந்தது.

பிளிப்பை மட்டும் திருத்துவதென்றால் கூப்பிடும் முன் பைட் பஃபரைப் பஃபர் என்று வகை மாற்றிக் கூப்பிட்டால் போதும், பல லைப்ரரிகளின் சோர்ஸில் அப்படி எழுதியிருப்பதைக் காணலாம். ஆனால் அது ஒரு ஓட்டையை அடைப்பது. கொன்கரன்ட் ஹேஷ்மேப்பின் கீசெட் மெதட்டும் 7இலிருந்து 8க்குப் போகும்போது இதே மாதிரி விலாசம் மாறியது. இன்னும் எத்தனை கிடக்கிறது என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

மருந்து ஜாவா 9இலேயே வந்துவிட்டது, நான்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கொம்பைலருக்கு ரிலீஸ் என்று ஒரு ஒப்ஷன். சோர்ஸ், டார்கெட் இரண்டுக்கும் பதிலாக ரிலீஸ் 8 என்று ஒன்றை மட்டும் கொடுத்தால், இலக்கணமும் முத்திரையும் மட்டுமில்லாமல் ஜாவா 8இல் இருந்த கிளாஸ்கள், மெதட்கள் எவை என்ற பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு கொம்பைல் பண்ணும். பழைய ஜாவாவைத் தனியாகப் போட்டு வைக்கத் தேவையில்லை, ஜேடிகே என்கிற ஜாவா எழுதும் தொகுப்பின் லிப் கோப்புறைக்குள் சிடி டொட் சிம் என்று ஒரு கோப்பு இருக்கிறது, பழைய வேர்ஷன்களின் கையொப்பங்கள் எல்லாம் அதற்குள்.

மேவனில் கொம்பைலர் ரிலீஸ் என்கிற ப்ரொபர்ட்டிக்கு 8 என்று போட்டு, சோர்ஸ் டார்கெட் வரிகள் இரண்டையும் அழித்தேன். மேவனுக்குப் பதிலாகக் கிரேடில் பாவிக்கிறவர்களுக்கு கொம்பைல் டாஸ்கின் ஒப்ஷன்களில் ரிலீஸ் இருக்கிறது, 6.6 வேர்ஷனிலிருந்து. யாராவது இன்னமும் ஜேடிகே 8ஐ வைத்தே பில்ட் பண்ணினால் அந்தக் கொம்பைலருக்கு ரிலீஸ் என்ற சொல்லே தெரியாது, இந்த ஒப்ஷன் பிழை என்று நின்றுவிடும். முன்பு அதற்காக ஜேடிகே 9 அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் என்று ஒரு ப்ரொஃபைல் எழுதி வைப்பார்கள். மேவனின் கொம்பைலர் பிளகின் 3.13.0இலிருந்து அந்தத் தொல்லை இல்லை, 8இல் ஓடினால் அதுவே சோர்ஸ் டார்கெட்டாக மாற்றிக்கொள்ளும்.

ரிலீஸ் 8 போட்டு முதல் பில்ட்: பதினான்கு எரர். சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பதினான்கும் என் மேசையில் விழுந்தன, தராசடியில் இல்லை. புது லப்டொப் வாங்கி மூன்று மாதத்துக்குள் என் கை எவ்வளவு பழகிவிட்டது என்று அன்றுதான் கண்டேன். எல்லாம் 8க்குப் பிறகு வந்த மெதட்கள்: லிஸ்ட் டொட் ஒஃப் ஐந்து இடத்தில், அது ஜாவா 9. ஸ்ட்ரிங்கின் இஸ்பிளாங்க், அது 11. ஸ்ட்ரீமின் முடிவில் நேரடியாக டுலிஸ்ட், அது 16. ஒப்ஷனலில் இஸ்எம்ப்டி, அதுவும் 11. வேறு ஒரு நாள் வந்து லொறி நிற்க விழ இருந்தவை இவை எல்லாம். இஸ்பிளாங்க் இருந்த இடத்தில் ட்ரிம் பண்ணி எம்ப்டியா என்று பார்த்தேன். இரண்டும் சரியாக ஒன்றில்லை, ட்ரிம் பழைய காலத்து வெற்றிடங்களை மட்டும் வெட்டும், இணையத்திலிருந்து ஒட்டிய பெயரில் வருகிற விசித்திரமான யூனிகோட் இடைவெளிகளை அது தொடாது. எனக்கு அது போதும். இன்னொன்று, ரிலீஸ் போட்டால் சன் டொட் மிஸ்க் மாதிரி உள்வீட்டுக் கிளாஸ்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நாங்கள் அதுகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்த நேரத்தில் என்னோடு பகுதி நேரமாக வேலை செய்கிற ஒரு பொடியன், ஒலுவில் கம்பஸில் படிக்கிறவர், நியாயமான கேள்வி ஒன்று கேட்டார். "அண்ணன், 2014இல வந்த ஜாவாவுக்காக நாம ஏன் ரெக்கோர்ட், டெக்ஸ்ட் பிளொக் மாதிரிப் புது வசதி ஒண்டும் இல்லாம கஷ்டப்படணும்? அவங்களப் புதுக் கம்பியூட்டர் வாங்கச் சொல்லுங்களேன்."

சொல்லிப் பார்க்காமலா. ஹாஜியார் கேட்டது, "நல்லா ஓடுற வண்டிய ஏன் தம்பி கழட்டுறீங்க?" அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கணினியில் தராசுக்குரிய கார்டும் அதன் ட்ரைவரும் 32 பிட் வின்டோஸுக்கு மட்டும் செய்யப்பட்டவை, செய்தவர்கள் இப்போது புது ட்ரைவர் தருவதில்லை. கணினியை மாற்றினால் இன்டிகேட்டரை மாற்ற வேண்டும், மாற்றினால் தராசைத் திரும்பச் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும், அது ஒரு லப்டொப்பின் விலையோடு முடிகிற காரியமில்லை. ஜாவா பக்கமும் கதவு மூடிக்கொண்டுதான் வருகிறது. ஜாவாவின் சொந்தக்காரரான ஒரக்கிள் 9இலிருந்தே 32 பிட் வின்டோஸுக்குத் தருவதை விட்டுவிட்டது, திறந்த மூலமான ஓபன்ஜேடிகே 24இல் அந்தப் பகுதியின் கோடையே கழற்றி எடுத்துவிட்டார்கள். ஜாவாவையும் கூடவே கட்டி அனுப்பினால் என்ன என்றும் பொடியன் கேட்டார். நல்ல யோசனைதான், அக்கரைப்பற்றில் இருக்கிற வின்டோஸ் 10 கணினிக்கு ஜேபேக்கேஜ் என்கிற கருவியை வைத்து அப்படித்தான் செய்திருக்கிறேன், அங்கே எந்த ஜாவா கிடக்கிறது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் இந்த ஆலைக்கு ஒரக்கிளின் ஜாவாவைக் கட்டி அனுப்புவதென்றாலும் 8ஐத்தான் கட்ட வேண்டும்.

கடைசியில் புரொஜெக்டை இரண்டாகப் பிரித்தோம். தராசும் பில்லும் இருக்கிற பகுதி ரிலீஸ் 8. மாதாந்த அறிக்கைகள் போடுகிற பகுதி தனி மொடியூல், ரிலீஸ் 17, அது அலுவலக லப்டொப்பில் மட்டும் ஓடும். பொடியனுக்கு ரெக்கோர்டும் கிடைத்தது, ஹாஜியாருக்கு வண்டியும் ஓடியது. 17இன் மொடியூல் 8இனுடையதைப் பாவிக்கலாம், மறுபக்கம் முடியாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

சரி, லைப்ரரி, அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த, நான் எடுத்துப் பாவிக்கிற கோட். ரிலீஸ் 8 என்பது நான் எழுதுகிற கோடுக்கு மட்டும் காவல். நான் இழுத்துப் போடுகிற ஜார்கள் எந்த முத்திரையோடு வருகின்றன என்று கொம்பைலர் பெரிதாகப் பார்ப்பதில்லை, அதுவும் 21ஆக இருக்கும்போது அதற்கு எல்லாமே வாசிக்கக்கூடியவைதான். பதிவுகள் எழுதும் லைப்ரரியான லொக்பேக்கை ஒரு நாள் 1.4க்கு ஏற்றியிருந்தேன், பாதுகாப்புத் திருத்தம் ஏதோ என்று. 1.4 கேட்பது ஜாவா 11. ஜாவா 8க்கென்று அவர்கள் 1.3ஐத் தனியாக வெளியிட்டிருந்தார்கள், இறங்க வேண்டியது அங்கே. தரவுத்தள இணைப்புகளைப் பார்க்கிற ஹிகாரி சிபியும் அப்படித்தான், 5 என்றால் 11, 4 என்றால் 8. ஒவ்வொன்றையும் ஞாபகம் வைப்பது நடக்கிற காரியமில்லை. மேவனில் விதிகளைச் சரிபார்க்கிற என்ஃபோர்ஸர் பிளகினோடு எக்ஸ்ட்ரா என்ஃபோர்ஸர் ரூல்ஸ் என்று ஒன்றைச் சேர்த்தால், பைட்கோட் வேர்ஷன் 1.8க்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி போடலாம், எல்லா ஜாரையும் திறந்து முத்திரையைப் பார்க்கும், மேலே போனால் பில்டை நிறுத்திவிடும். சில ஜார்களுக்குள் மெட்டா இன்ஃப் கோப்புறைக்குக் கீழே வேர்ஷன்ஸ், அதற்குக் கீழே 9 என்று புது முத்திரை போட்ட கிளாஸ்கள் கிடக்கும். அது மல்டி ரிலீஸ் ஜார், ஜாவா 8 அந்தப் பக்கம் போகவே போகாது, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள், என்ஃபோர்ஸரும் முத்திரையைத்தான் பார்க்கிறது. என்னைப் போல ஒருவர் சோர்ஸ் 8 டார்கெட் 8 என்று போட்டு, 11ஐ வைத்துக் கொம்பைல் பண்ணி, பிளிப் விலாசம் பிழையாகப் பதிந்த லைப்ரரியை வெளியிட்டிருந்தால்? முத்திரை 52, என்ஃபோர்ஸர் போ என்று விட்டுவிடும். அதைப் பிடிக்க ஒரே வழி உண்மையான ஜாவா 8இல் ஓட்டிப் பார்ப்பது.

அதனால் இப்போது கொம்பைல் பண்ணுவது 21, டெஸ்ட் ஓடுவது 8. டெஸ்ட் ஓட்டும் ஷுவர்ஃபயர் பிளகினில் எந்த ஜாவாவை எடுத்து டெஸ்டை ஓட்ட வேண்டும் என்று பாதை கொடுக்கலாம், டூல்செயின் வைத்தும் செய்யலாம். டெஸ்ட் லைப்ரரிகளையும் இதற்காகக் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது: மொக்கிட்டோ 5 கேட்பது 11, ஆகவே 4இலேயே நிற்கிறேன். ஜேயூனிட் 5 நல்லது, 8 போதும். 6 கேட்பது 17, அதுக்கு இப்போதைக்குக் கும்பிடு. அப்புறம் கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் ஒவ்வொரு தடவை கோட் ஏற்றும்போதும் 8, 11, 17, 21 நான்கிலும் டெஸ்ட் ஓடும்படி மேட்ரிக்ஸ் என்கிற பட்டியல் ஒன்று எழுதி வைத்தேன். நான் டொங்கிள் டேட்டாவில் வேலை செய்கிறவன், ஒரு ஜேடிகே நூறு எம்பிக்கு மேல், நான்கையும் என் செலவில் இறக்குவதைவிட அவர்களுடைய மெஷினிலேயே இறக்கி ஓட்டட்டும். முக்கியமாக, சீரியல் கேபிளுக்குப் பதிலாக ஒரு கோப்பிலிருந்து எடையை வாசிக்கிற டெஸ்ட் ஒன்று எழுதினேன். தராசிலிருந்து ஒரு நாள் முழுக்க வந்த பைட்களைப் பதிந்து எடுத்து வைத்திருக்கிறேன், அதுதான் இப்போது என் லொறி. அந்தத் திரெட்டைச் சுற்றியிருந்த பிடிப்பையும், எக்ஸெப்ஷன், எரர் இரண்டையும் பிடிக்கிற த்ரோவபிள் என்று மாற்றி, செத்தால் திரையில் சிவப்பாகக் காட்டு என்றேன். பூச்சியம் காட்டுவதைவிட மோசமான செய்தி தராசுக்கு வேறு கிடையாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் ஒன்று அகப்படாமல் போனது, அதைப் பிடித்துத் தந்தது தமிழ். விவசாயிகள் பெயர்ப் பட்டியல் ஒன்றை சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்தார்கள், அதை வாசித்து உள்ளே எடுக்கிற பகுதி எழுதினேன். என் லப்டொப்பில் சரி, கிட்ஹப்பில் நான்கு ஜாவாவிலும் பச்சை. ஆலையில் பில்லை எடுத்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலைக்கு மேல் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு கறுப்புப் புள்ளி, திரும்ப ஏ, திரும்ப ஆர் என்று ஒரு முழ நீளத்துக்கு. வயல் சொந்தக்காரரான போடியார் ஒருவர் அந்தப் பில்லைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

பார்த்தவுடன் விளங்கியது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 என்கிற குறியாக்கத்தில் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டே வகை. அதை வின்டோஸின் பழைய ஆங்கிலக் குறியாக்கத்தில் வாசித்தால் அந்த ஏயும் ஆரும் திரும்பத் திரும்ப வரும், அதுதான் அந்த முழ நீளம். நான் எழுதியிருந்தது வெறும் ஃபைல் ரீடர், குறியாக்கம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யூடிஎஃப் 8 என்று எடுத்துக்கொள் என்பது ஜாவா 18இலிருந்து வந்த வழக்கம். அதற்கு முன் இயங்குதளம் என்ன சொல்கிறதோ அது, கிட்ஹப்பின் லினக்ஸ் எப்படியும் யூடிஎஃப் 8 சொல்லும், ஆலையின் வின்டோஸ் 7 சொல்லாது. ரிலீஸ் 8 இதில் உதவாது, அது மெதட் இருக்கிறதா என்று பார்க்குமே ஒழிய ஓடும்போது அந்த மெதட் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்காது. ஃபைல் ரீடருக்கே குறியாக்கம் கொடுக்கலாம் என்று பார்த்தால் அந்த வசதி வந்தது 11இல், அதை மட்டும் ரிலீஸ் 8 ஒழுங்காகத் தடுத்தது. ஃபைல்ஸ் கிளாஸின் நியூ பஃபர்ட் ரீடரை எடுத்தேன், ஜாவா 8இலேயே அது யூடிஎஃப் 8ஐத்தான் எடுக்கும். மேட்ரிக்ஸில் ஒரு வின்டோஸ் வரியும் சேர்ந்தது. சோர்ஸுக்குள் தமிழ் எழுதுகிறவர்கள் கொம்பைலருக்கும் குறியாக்கத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டனில் எழுதியிருக்கிற "சேமி" என்பதும் இதே கோலத்தில் வரும்.

மறுபக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. சிறுபோகத்துக்கு முன் ஹாஜியார் அலுவலகத்துக்கென்று புதுக் கணினி ஒன்று வாங்கினார், தராசுக்கில்லை, பில் பார்க்க மட்டும். அதில் 21ஐப் போட்டு எங்கள் ரிலீஸ் 8 ஜாரைத் திறந்தேன். பழையதில் ஓடுவது புதியதில் ஓடாமலா என்ற தைரியம். திறந்தது, வங்கிக்கு அனுப்புகிற எக்ஸ்எம்எல் கோப்பை எடுக்கப்போக விழுந்தது. அந்தப் பகுதி ஜாக்ஸ்பி என்கிற எக்ஸ்எம்எல் லைப்ரரியை வைத்து எழுதினது. ஜாவா 8 வரை ஜாக்ஸ்பி கூடவே வந்தது, 11இல் அதை வெளியே எடுத்துவிட்டார்கள். ரிலீஸ் 8 என்றால் 8இல் இருந்ததெல்லாம் இருக்கிறது என்றுதான் கொம்பைலர் நம்பும், அதனால் முணுமுணுக்காமல் கட்டித் தந்தது. அந்தப் பகுதிக்கு டெஸ்ட் எழுதவில்லை, எழுதியிருந்தால் மேட்ரிக்ஸின் 11 அன்றே சிவப்பாகியிருக்கும். ஜாக்ஸ்பியைத் தனி லைப்ரரியாகச் சேர்த்திருக்கலாம், நான் பதினெட்டு வரி எக்ஸ்எம்எல்லுக்கு அது எதற்கு என்று கையாலேயே எழுதிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு பில்டிலும் 21 ஒரு மஞ்சள் வரி சொல்கிறது: 8 என்ற மதிப்பு வழக்கொழிந்தது, வருகிற வேர்ஷன் ஒன்றில் எடுக்கப்படும். இந்த முறை வாசித்தேன். ஜேடிகே 12 ஆறைக் கைவிட்டது, 20 ஏழைக் கைவிட்டது, எட்டின் முறையும் வரும். ஆகவே 21இன் ஜிப் கோப்பை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே ஜாவா 8இன் 32 பிட் இன்ஸ்டோலரும் கிடக்கிறது. தராசு அறையில் மொனிட்டருக்குக் கீழே கணக்கப்பிள்ளை தானாகவே ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார், நீல மையில் பெரிய எழுத்தாக: "பெட்டி வந்தால் ஜாவாவைக் கழற்ற வேண்டாம். தம்பிக்குப் போட்டோ அனுப்பவும்."